ஐரிஷ் குரோஷா லேஸ்: பழைய பேட்டர்ன் எந்த இடத்துல உங்களை நிறுத்துச்சு?

இலைக்காரி
எனக்கு இலை. (ஐரிஷ் லேஸ்ல பூ, இலையெல்லாம் கொக்கி ஊசியால தனித்தனியாப் பின்னி, அப்புறம் வலையால இணைப்போம்.) உள்நூலை, அதாவது புடைப்புக்காகத் தையலுக்குள்ள ஓடவிடுற நூலை, எப்ப இழுக்கணும், எவ்வளவு இழுக்கணும்னு பழைய புத்தகங்கள் பெரும்பாலும் சொல்றதே இல்லை. 60-ம் நம்பர் நூல், 0.60 மில்லிமீட்டர் ஊசி, உள்ளே ஓட அதே நூல்ல நாலு இழை. 15 செயின் (சங்கிலிக் கண்ணி), ரெண்டு பக்கமும் உள்நூலை மூடி சிங்கிள் (குட்டைத் தையல்), நுனியில ஒரே கண்ணியில 3. அப்புறம் திருப்பி, பின் இழையில மட்டும் சிங்கிள். வரிசை முடிவுல 3 கண்ணியைத் தொடாம விட்டுட்டுத் திரும்பணும், இலையோட பல் அங்கேதான் வருது. மூணாவது பல் வந்ததும் ஓரம் முழுக்க அலை அலையா எழும்பி நிக்கும் பாருங்க, அந்த இடம்தான்! அப்ப உள்நூலை இழுத்தா வராது. ஒவ்வொரு திருப்பத்துலயும் அது மடங்கி இறுகியிருக்கும். வரிசைக்கு வரிசை, திருப்புறதுக்கு முன்னாடியே இழுக்கணும். இலை லேசா குழியுற வரைக்கும் இழுத்துட்டு, மேசையில வச்சு நகத்தால நீவி மட்டமாக்கணும்.

மூன்றடுக்கு
ரோஜாவின் இரண்டாவது அடுக்கைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். முதல் அடுக்கு எல்லோருக்கும் வந்துவிடும்: பென்சிலில் 15 சுற்று நூல், அதன் மேல் 18 சிங்கிள், பிறகு 5 செயின் போட்டு இரண்டு கண்ணி தள்ளி மாட்டினால் ஆறு வளையம். ஒவ்வொன்றிலும் 1 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், 5 டபுள், 1 ஹாஃப் டபுள், 1 சிங்கிள் (சிங்கிளைவிட ஹாஃப் டபுள் உயரம், அதைவிட டபுள் உயரம்). அடுத்து 6 செயின் வளையத்தை "பின்னால் மாட்டவும்" என்று பேட்டர்ன் முடித்துக்கொள்கிறது. பின்னால் என்றால் எங்கே? இரண்டு இதழுக்கு நடுவில் சிங்கிளின் தலை தெரியும். அதில் மாட்டினால் முதல் இதழ்கள் பின்னுக்கு இழுபட்டுப் படுத்துவிடும். இதழை உங்கள் பக்கம் மடக்குங்கள், முதல் அடுக்கு வளையத்தை மாட்டிய சிங்கிளின் தண்டு பின்புறம் தெரியும். ஊசி அந்தத் தண்டைச் சுற்றி வர வேண்டும். அப்போது இதழ் தானாக எழுந்து நிற்கும். இந்த அடுக்கில் 7 டபுள், மூன்றாவதில் 8 செயினும் 9 டபுளும்.

பழையநூல்
மேலே ரெண்டு பேரும் சிங்கிள், டபுள்னு எழுதியிருக்கீங்க. எந்த ஊர் டபுள்? பிரிட்டன் புத்தகத்துல டபுள்னு இருக்கறது அமெரிக்கப் புத்தகத்துல சிங்கிள். பிரிட்டன்ல ட்ரெபிள், அமெரிக்காவுல டபுள். ரியேகோ டி லா பிரான்ஷார்டியேர் அம்மையார் 1840-கள்ல இருந்து லண்டன்ல போட்ட புத்தகங்களையும், 1909-ல பாஸ்டன் பிரிசில்லா கம்பெனி போட்டதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பின்னுறவங்க இதைத் தீர்த்துக்காம ஊசியை எடுக்கக் கூடாது. அட்டையில ஊர் பேர் கிழிஞ்சு போயிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். உள்நூலை மூடுறது பெரும்பாலும் குட்டைத் தையல்தான். அந்த இடத்துல டபுள்னு இருந்தா பிரிட்டன், சிங்கிள்னு இருந்தா அமெரிக்கா. இன்னொண்ணு, பழைய பிரிட்டன் புத்தகத்துல சிங்கிள்னு வந்தா அது பெரும்பாலும் ஸ்லிப் ஸ்டிட்ச், உயரமே இல்லாத இணைப்புத் தையல். அதை அமெரிக்க சிங்கிளாவே போட்டா பூ விட்டம் கூடிடும். ஊசி நம்பரையும் நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மில்லிமீட்டர்தான் கணக்கு.

இலைக்காரி
நான் எழுதினது அமெரிக்க முறைங்க.

மூன்றடுக்கு
நானும் அதே முறைதான்.

முடிச்சு
குளோனிஸ் முடிச்சு, வலையில இடையிடையே வர்ற உருண்டை முடிச்சு. ஊசியில சுத்தின பத்துச் சுத்தும் வழுக்கி விழுற அந்த நொடி இருக்கே! வளையத்தைக் கொஞ்சம் நீட்டமா இழுத்து, நூலை ஊசியில போட்டு, ஊசியை செயினுக்கு அடியில கொண்டுபோய் மறுபடி நூல், மேலே வந்து மறுபடி. எட்டுல இருந்து பன்னிரண்டு சுத்து. வெளியே இழுக்கும்போது ஊசி வாய் கீழே பார்க்கணும், இடது விரல் சுத்துகளைத் தளர்வாப் பிடிக்கணும். முக்கியமானது அப்புறம்தான்: முடிச்சுக்குப் பின்னால செயினைச் சுத்தி ஒரு சிங்கிள் போட்டுப் பூட்டணும். இல்லைன்னா முடிச்சு நூல் மேல ஓடிக்கிட்டே இருக்கும், வலை முழுக்கக் கோணும். பழைய லேஸ்ல முடிச்சு நகராம நிக்கறதுக்குக் காரணம் இந்தப் பூட்டு. எல்லா இணைப்பும் ஒரே 60-ம் நம்பர் நூல்ல போட்டா போதும்.

துணிமேல்
ஒரே நூல் போதாதுங்க முடிச்சு, இதுல உங்களோட ஒத்துப்போக முடியலை. பூ 60-ல இருந்தா வலை 80 அல்லது 100 (நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு). ரெண்டும் ஒரே கனமா இருந்தா பூ எடுப்பா தெரியாது, புடைப்புக்காகப் போட்ட உழைப்பெல்லாம் வீண். 1847-ல பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார் பஞ்சத்துல வாடின அயர்லாந்து மோனஹன் மாவட்டப் பெண்களுக்கு இந்த வேலையைக் குளோனிஸ் ஊர்ல கொண்டு வந்தப்போ முன்னாடி வச்ச மாதிரி வெனிஸ் ஊசி லேஸ். அதோட அழகே பூ கனமா, இடைவெளி லேசா இருக்கறதுதான். அங்கே பூ ஒருத்தி, இலை ஒருத்தி, இணைக்கறது வேறொருத்தின்னு வேலை பிரிஞ்சிருந்தது. பேட்டர்ன்ல இணைப்பு ரெண்டு வரியில முடியறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

யாரும் கேக்கலை, இருந்தாலும் இணைக்கிற முறையை எழுதிடறேன். காகிதத்துல காலர் வடிவம் வரைஞ்சு, அதுக்கு மேல ரெண்டு மடிப்பு மஸ்லின் வச்சுத் தைங்க. பூக்களோட முகம் துணியைப் பார்த்துக் கவிழணும், முதுகு உங்களைப் பார்க்கணும். ஓரம் மட்டும் தைச்சா போதாது. நடுவிலயும் நுனியிலயும் ஓட்டுத் தையல் போடுங்க, இல்லைன்னா வலை இழுக்கும்போது இலை நுனி நகரும். உள்நூல் முனையை முதல்லயே முதுகுப் பக்கம் நாலஞ்சு தையலுக்குள்ள செருகி வெட்டிடுங்க. வெளி ஓரத்துல கனமான நூலை வச்சுத் தைச்சு, அதுல இருந்து உள்ளே வலையை ஆரம்பிங்க. கண்கள் ஒரே அளவா வரணும்னு எண்ணாதீங்க. இடம் எவ்வளவோ அவ்வளவு செயின்: அடுத்த இலை கிட்ட இருந்தா மூணு, தள்ளி இருந்தா ஏழு. துணி சுருங்கினா செயின் குறைவு, துணியை எடுத்ததும் வலை தொங்கினா அதிகம்.

பிரிக்கும்போது கத்தரியை லேஸ் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். ரெண்டு மஸ்லினையும் மெல்லப் பிரிச்சு, நடுவுல தெரியற ஓட்டுத் தையலை மட்டும் வெட்டுங்க. அதுக்குத்தான் ரெண்டு மடிப்பு. நனைச்சு, துருப்பிடிக்காத குண்டூசியால பலகையில குத்திக் காயவிடுங்க. இஸ்திரி வேணும்னா தடிமனான துவாலை மேல பூவைக் கவிழ்த்து, முதுகுப் பக்கம் மட்டும். மூன்றடுக்கு சொன்ன ரோஜாவை நேரா அழுத்தினா அடுக்கு மூணும் ஒண்ணா ஒட்டிடும். அப்படி ஆனா மறுபடி நனைச்சு, ஒவ்வொரு இதழா விரலால தூக்கி விடணும்.