மறு: ‘அல்கலைன் டயட்’ – ‘கார உணவு’ சரிப்படாது

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘அல்கலைன் டயட்’ போன்ற மருத்துவச் சொற்களுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்ற இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உடம்பில் அமிலத்தைக் குறைத்துக் காரத்தைக் கூட்டும் என்று சொல்லிக் காய்கனிகளை முன்னிறுத்தும் உணவுமுறை அது. பெங்களூரில் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் பக்கத்திலிருந்து தமிழர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் உணவுத்தாளைத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. நாம் இங்கே முடிவு செய்யும் சொல் மறுநாளே யாரோ ஒருவருடைய அடுப்படிக்குப் போய்விடும்.

> அல்கலைன் என்றால் காரம். ‘கார உணவு’ என்று வைத்துவிட்டால் போயிற்று.

வேதியியல் வகுப்பைத் தாண்டிவிட்டால் காரம் என்றால் மிளகாய்தான். அதிலும் தெருவுக்குத் தெரு காரா பாத் என்ற கார உப்புமா விற்கும் ஊர் இது. வயிற்றுப்புண் உள்ள ஒருவர் ‘கார உணவு அதிகம் சேர்க்கவும்’ என்று படித்தால் என்ன செய்வார்? கன்னடத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. மிளகாய்க்குக் ‘கார’, வேதியியலுக்கு ‘க்ஷார’ என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இரண்டும் ஒரே சொல்லில் வந்து விழுந்துவிட்டன. வெங்காரம் மாதிரி நாட்டு மருந்துக் கடைச் சொற்களில் பழைய பொருள் இருக்கிறது. ஆனால் தனியாகக் ‘காரம்’ என்றால் அது நாக்கில்தான் உறைக்கும்.

இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘மூலம்’ என்ற சொல்லை ஒரு நண்பர் நினைவூட்டினார். வேதியியலுக்கு நல்ல சொல். மருத்துவத் தாளில் போட முடியாது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் ‘மூலம்’ என்று படித்ததும் ஆசனவாய் நோயைத்தான் நினைப்பார்.

சரி, ‘காரத்தன்மை உணவு’ என்று நீட்டினால்? குழப்பம் பாதி தீரும், பொய் அப்படியே இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2-க்கும் 3-க்கும் நடுவில். நல்ல புளிப்பு அமிலம். ஆனால் அல்கலைன் பட்டியல்களில் அதற்குத்தான் முதல் இடம். இந்தப் பாகுபாடு வந்ததே சாம்பலிலிருந்து. உணவை எரித்து, மிஞ்சிய சாம்பலை நீரில் கரைத்து, அது அமிலமா காரமா என்று பார்த்தார்கள். காய்கனிகளின் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கும். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் இதை வைத்துத்தான். உடலிலும் கிட்டத்தட்ட இதே கதை. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் எரிந்து கரியமில வாயுவும் நீருமாகப் போய்விடுகிறது. அதோடு வந்த பொட்டாசியம் சிட்ரேட்டிலிருந்து பைகார்பனேட் என்ற காரம் கிடைக்கிறது. இறைச்சி, முட்டை, பருப்பு, தானியப் புரதங்களில் உள்ள கந்தகம் சல்ஃப்யூரிக் அமிலமாகிறது. அதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். ஜெர்மனியின் டார்ட்முண்டில் ரெமரும் மான்ஸும் 1995-இல் ஒவ்வொரு உணவும் சிறுநீரகத்துக்கு எவ்வளவு அமில வேலை வைக்கும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். பாலாடைக்கட்டி உச்சியில் நிற்கிறது, அரிசி கொஞ்சம் அமிலப் பக்கம், கீரையும் உலர்திராட்சையும் மறுபக்கம்.

ஆகவே உணவுக்குக் காரம் என்று பெயர் சூட்டவே வேண்டாம். அது சிறுநீரகத்துக்கு வைக்கும் வேலைக்குப் பெயர் வைப்போம். என் பரிந்துரை: அமிலச்சுமை. அல்கலைன் டயட் என்பதை ‘அமிலச்சுமை குறைந்த உணவு’ என்று எழுதலாம். நீளம்தான். ஆனால் நோயாளி ஒரு தடவை கேட்டாலே விளங்கிக்கொள்கிறார், சுமை யார் தலையில் என்பதும் தெரிகிறது.

அடுத்து, ‘அமில-காரச் சமநிலை’.

> பாடநூலில் நிலைத்துவிட்ட சொல். ஏன் கலைக்க வேண்டும்?

சமநிலை என்றதும் இரு தட்டும் நேராக நிற்பது போல, பிஎச் 7 போலத் தோன்றுகிறது. தமனிக் குருதியின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை, அதாவது எப்போதும் கொஞ்சம் காரப்பக்கம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. சமநிலை என்று கேட்டதும் அதை நாமே சாப்பிட்டுச் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. விளம்பரக்காரர்கள் பிழைப்பதே அதை நம்பித்தான். உண்மையில் நுரையீரல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15,000 மில்லிமோல் கரியமில வாயுவை மூச்சில் வெளியேற்றுகிறது. உணவிலிருந்து வரும், மூச்சில் வெளியேற முடியாத அமிலமோ 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 60 மில்லிமோல் அளவுதான். அதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரின் பிஎச் 4.5-லிருந்து 8 வரை ஏறி இறங்குவது அதனால்தான். காலையில் சிறுநீரில் பிஎச் தாளை நனைத்து நிறம் பார்ப்பவர்கள் காண்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். குருதியின் பிஎச் அசையாமல் இருக்கிறது. உடல் இடைவிடாமல் காத்துவரும் நிலை இது. ஆகவே அமில-கார நிலைகாப்பு என்கிறேன். பாடநூலில் சமநிலை இருந்துவிட்டுப் போகட்டும். பொதுமக்களுக்கான எழுத்தில் நிலைகாப்பு வரட்டும்.

இனி அசிடோசிஸ், அதாவது உடலில் அமிலம் மிகுந்துவரும் கோளாறு; அதற்கு எதிர்ப்பக்கம் அல்கலோசிஸ். இழையில் அதிகம் முட்டிக்கொண்டது இதில்தான். மும்பையிலிருந்து எழுதிய மருத்துவர் ஐயா ‘அமிலச் சாய்வு’ என்றார். கேட்க அழகாக இருக்கிறது, முதலில் நானும் தலையாட்டினேன். ஆனால் ஒரு நோயாளியை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, கீட்டோன் அமிலங்கள் சேர்ந்துவிட்டன. அதே ஆள் இரண்டு நாளாக வாந்தியும் எடுத்து வயிற்று அமிலத்தை இழந்திருக்கிறார். முன்னது அசிடோசிஸ், பின்னது அல்கலோசிஸ். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக் குருதியின் பிஎச் 7.4 என்றே காட்டலாம். ஆள் மோசமான நிலையில் இருப்பார். ஒரே நேரத்தில் ஒரு பொருள் இரு பக்கமும் சாயாது. ஆனால் இரண்டு ஏற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கலாம். அதனால் நடக்கும் செயலுக்கு அமிலவேற்றம், காரவேற்றம். குருதியின் பிஎச் 7.35-க்குக் கீழே போய்விட்ட நிலைக்கு மட்டும், ஆங்கிலத்தில் அசிடீமியா என்கிறார்களே, அதற்குக் குருதி அமிலமிகை. செயலையும் நிலையையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர்கள் காலம் முழுக்கத் தடுமாறுவார்கள்.

‘அசிடிட்டி’ பற்றி ஒரு வரி. எங்கள் வெளிநோயாளர் வரிசையில் தினமும் கேட்கும் சொல் இதுதான். அதற்கு ‘அமிலத்தன்மை’ என்று எழுதவே கூடாது. நெஞ்செரிச்சல், புளியேப்பம் என்று இருக்கிற சொற்களையே போடுங்கள். வயிறு அமிலமாக இருப்பது அதன் இயல்பு. நெஞ்செரிச்சல் உள்ளவர் ‘என் உடம்பே அமிலமாகிவிட்டது’ என்று நம்பி அல்கலைன் தண்ணீர் இயந்திரம் வாங்குவது இந்தச் சொற்குழப்பத்தில் தொடங்குகிறது.

அந்த இயந்திரத்தை ஒயிட்ஃபீல்டு அடுக்ககம் ஒன்றில் விற்றதைப் பார்த்தேன். மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர், சொட்டு மருந்துப் புட்டி ஒன்று. சாதாரணத் தண்ணீரில் சொட்டு விட்டால் மஞ்சள், இயந்திரத் தண்ணீரில் விட்டால் ஊதா. சுற்றி நின்றவர்கள் அந்த ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறம் மெய்தான். ஆனால் பிஎச் 9 உள்ள 3 லிட்டர் நீரின் காரத்தை, கரைந்திருக்கும் பைகார்பனேட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பிஎச் 1.5 உள்ள வயிற்று நீர் ஒரே மில்லிலிட்டர் நடுநிலையாக்கிவிடும். பள்ளிக் கணக்குதான், யாரும் போட்டுப் பார்க்கலாம்.

> புற்றுநோய் காரச்சூழலில் வாழாது என்று கண்டுபிடித்துத்தானே வார்பர்க் நோபல் வாங்கினார்?

இல்லை ஐயா. ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்குக்கு 1931-இல் பரிசு கிடைத்தது சுவாச நொதியின் இயல்பையும் செயல்முறையையும் கண்டதற்கு. புற்றுத்திசு குளுக்கோசை நொதிக்கவைப்பதை அவர் கண்டது உண்மை. கட்டியைச் சுற்றி அமிலம் சேர்வது அந்தக் கட்டி செய்யும் வேலை. சாப்பாட்டால் அதை மாற்றலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அல்கலைன் உணவும் நீரும் புற்றுநோயைத் தடுக்குமா, தீர்க்குமா என்று வந்த ஆய்வுகளை ஃபென்டனும் ஹுவாங்கும் 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அந்தக் கூற்றைத் தாங்கும் சான்று கிடைக்கவில்லை. இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் தமிழில்தான் சுற்றுகிறது. மறுப்பும் தமிழில் வேண்டும், அதற்குத் தெளிவான சொற்கள் வேண்டும்.

நான் இவ்வளவு விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் பொட்டாசியம். காய்கனி நல்லது, அதில் சந்தேகமே இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அமிலவேற்றம் வருவதும் உண்மை. குருதியில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே போனால் மருத்துவர் சோடா உப்பு மாத்திரை கொடுப்பதுண்டு. ஆனால் அவர்களே ‘உடம்பைக் காரமாக்குகிறேன்’ என்று இளநீரும் கீரைச்சாறும் தினமும் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறலாம். அப்படி ஒரு பெரியவர் வந்தார். கையில் மடித்த தாள், அதில் யாரோ எழுதிக்கொடுத்த ‘கார உணவுகள்’ பட்டியல், முதல் வரி இளநீர். அவருக்கு உடனே மருத்துவம் கிடைத்ததால் தேறினார்.

எங்கள் புதிய உணவுத்தாளில் ‘அமிலச்சுமை’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பொட்டாசிய அளவையும் அச்சிடப் போகிறோம். வரைவை இணைத்திருக்கிறேன். அமிலவேற்றம், குருதி அமிலமிகை, நிலைகாப்பு மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள். பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கிக்கொள்ளும் ‘பஃபர்’ என்பதற்குப் பாடநூலின் ‘தாங்கல்’ சொல்லையே வைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து