மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவா? அண்ணனுக்கு என்ன சொல்வது?

முதுநகர்_தங்கை:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் டூவீலர் மெக்கானிக், மஞ்சக்குப்பத்தில் பட்டறை. பல வருடக் குடி. பட்டறை சாத்தியதும் வீட்டுக்குத் தெற்கே வர வேண்டியவர் வடக்கே திரும்பி, ஆல்பேட்டை சோதனைச் சாவடி தாண்டி, பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறிவிடுவார். அந்தப் பக்கம் புதுச்சேரி எல்லை, கன்னியக்கோவில் பக்கம் சரக்கு விலை குறைவு என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன மழைக்காலத்தில் உடம்பு ரொம்ப மோசமாகி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கிருந்து வந்த பிறகு இன்றுவரை தொடவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தினமும் காலையில் அண்ணி கையால் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும், எதிரிலேயே விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு ஆராதனை, புதன்கிழமை ஜெபக்கூட்டம் இரண்டுக்கும் அவராகவே கிளம்பி வருகிறார்.

பிரச்சினை அந்தக் கூட்டத்தில்தான் ஆரம்பித்தது. சாட்சி சொல்லும்போது மாத்திரை விஷயத்தையும் அண்ணன் சொன்னார். முடிந்ததும் ஒரு மூத்த சகோதரர் தனியே கூப்பிட்டு, “கர்த்தர் விடுதலை கொடுத்தார் என்கிறாய், அப்புறம் மாத்திரை எதற்கு, அது அவிசுவாசம்” என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். துணி துவைக்கும்போது அண்ணி கண்டுபிடித்தாள். பட்டறையில் கூட வேலை செய்பவரோ இதற்கு நேர்மாறு. “நீயா மனசு வச்ச, நீயா விட்ட, இதுல சாமி எங்க வந்தாரு” என்கிறார்.

நேற்று சாப்பிடும்போது அண்ணன் என்னிடம் கேட்டது இது: “நானே விட்டேன் என்று சொன்னால் பெருமை வந்து விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவர்தான் விட வைத்தார் என்று சொன்னால், சாயங்காலம் ஆசை வருகிறதே, அப்போது அவர் என்னை விட்டுப் போய்விட்டார் என்று அர்த்தமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மணி ஆனால் மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே நிற்பாராம், கிரீஸ் போன பிறகும் தேய்ப்பாராம், அந்த நேரம் கடக்கட்டும் என்று. பட்டறைப் பையன் சொன்னான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலி_பாண்டி:

தங்கச்சி, வேதத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் மாத்திரையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். நான் புதுச்சேரியில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன்.

தினமும் வீட்டார் கையால், கண்ணெதிரே என்று சொல்லியிருந்தால் அது அநேகமாக டைசல்ஃபிரமாக இருக்கும். மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதுதான் என்றால் ஒரு விஷயம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் கட்டாயம் தெரிய வேண்டும். சாராயம் உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், பிறகு கல்லீரல் அதை உடைத்துவிடும். இந்த மருந்து அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடுகிறது. அதனால் மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இது நடக்கலாம். “மாத்திரையைத்தான் விட்டுவிட்டேனே” என்று யாரும் துணிந்துவிடக் கூடாது. ஆல்கஹால் கலந்த சில இருமல் மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கைதான். தொடர்வதா, நிறுத்துவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை ஈரல் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். பக்கத்தில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, இல்லையென்றால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். போனில் கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்த வைத்து உபவாச ஜெபத்துக்கு உட்கார வைக்காதீர்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். அதைப் பிசாசு என்று நினைத்துக் கட்டிப்போட்டவர்களை, நிலைமை முற்றிய பிறகு எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் தயாமின் என்ற பி1 சத்து ஊசியும், நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தும் உயிரைக் காக்கும். ஜெபம் பண்ணுங்கள், வார்டிலேயே பண்ணுங்கள், நானே கூட நின்று பண்ணியிருக்கிறேன்.

ஓய்வு_ஆசிரியர்:

அம்மா, நான் ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவன், கடலூர்தான். அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. திருச்சபை ஆயிரத்து அறுநூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி என்று அவருக்குச் சொல்லுங்கள், தனி ஆளாக மாட்டிக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதன் தன் சித்த பலத்தாலேயே நீதியாய் வாழ முடியும் என்று பெலாகியு என்பவர் போதித்தார். கிருபை இல்லாமல் நல்லதை விரும்பக்கூட முடியாது என்று அகஸ்தீன் என்ற பிஷப் மறுத்தார். திருச்சபை அகஸ்தீன் பக்கம் நின்றது. ஆனால் அந்த அகஸ்தீனே விசுவாசிகளை உழைக்காதே, சும்மா இரு என்று சொல்லவில்லை.

பவுல் இதை ஒரே வசனத்தில் சொல்கிறார், 1 கொரிந்தியர் 15:10. தேவகிருபையினாலே இருக்கிறேன் என்று ஆரம்பித்து, மற்ற எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார், உடனே “நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே” என்று முடிக்கிறார். பாதி நான், பாதி அவர் என்று பங்கு பிரிக்கவே இல்லை, பாருங்கள். பாடுபட்டது முழுவதும் பவுல், பாடுபட வைத்தது முழுவதும் கிருபை. பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்து வாசித்தாலும் இதுதான். பிரயாசப்படுங்கள் என்று கட்டளை, ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன் என்று காரணம். அண்ணன் ஆறு மணிக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த நிற்கும் பலம் எங்கிருந்து வந்தது? அதுவும் கிருபைதான். ஆனாலும் நிற்பது அவர் கால்.

மாத்திரை விஷயத்தில் நெகேமியாவைக் காட்டுங்கள், 4:9. எதிரி வருகிறான் என்றதும் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். காவல் வைத்ததை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை. பவுலின் கூடவே இருந்த லூக்கா வைத்தியர், கொலோசெயர் 4:14. ஆசை வருவது கைவிடப்பட்டதற்கு அடையாளம் அல்ல என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். மாம்சத்திலே முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. பவுலைக் கர்த்தர் கைவிட்டாரா?

அந்த மூத்த சகோதரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், உங்கள் சபைப் போதகரிடம் சொல்லுங்கள், அவர் பேசட்டும். ஆனால் அவர் சொன்னது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நெல்லிக்குப்பம்_சாட்சி:

எனக்கு வேறு அனுபவம், அதையும் பதிவு செய்கிறேன். ஒரு முழு இரவு ஜெபத்தில் கர்த்தர் என்னைத் தொட்டார். அன்றைக்கு விட்டதுதான், ஆசையே இல்லை, வாசனையே பிடிக்காது. மாத்திரை, டாக்டர் எதுவும் கிடையாது. இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் மருத்துவமனை என்று ஆகிவிட்டது, அற்புதத்தை நம்பாத கூட்டமாக மாறிவிடக் கூடாது என்பது என் பாரம். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

வில்லியனூர்_அந்தோணி:

நெல்லிக்குப்பம் பிரதர், உங்களுக்கு நடந்தது உண்மை, அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆனால் உங்களுக்குக் கொடுத்த விதத்தில்தான் எல்லாருக்கும் கொடுப்பார் என்று நாம் சட்டம் போட முடியாது. குருடருக்கு ஓரிடத்தில் தொட்டு உடனே பார்வை கொடுத்தார், இன்னொரு இடத்தில் சேற்றைப் பூசி, சீலோவாம் குளம்வரை நடந்துபோய்க் கழுவச் சொன்னார். நடந்துபோய்க் கழுவியவனுக்கும் கிடைத்தது அதே பார்வைதான்.

தங்கச்சி, நான் கத்தோலிக்கன், வில்லியனூர் லூர்து மாதா கோயில் பங்கு. குடியிலிருந்து வெளியே வந்து பல வருடம் ஆகிறது, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டங்களுக்குப் போகிறவன். எங்கள் வேதாகமத்தில் சீராக் 38ஆம் அதிகாரம் இருக்கிறது, மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. நோயுற்றால் ஆண்டவரிடம் மன்றாடு, பாவத்தை விட்டு விலகு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்று வரிசையாகவே சொல்லும். உங்கள் வேதாகமத்தில் இந்த நூல் இல்லை என்று தெரியும், இருந்தாலும் அண்ணனிடம் வாசித்துக் காட்டுங்கள். விசுவாசமா, செயலா என்று கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நானூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டு, கடைசியில் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் உட்கார்ந்து, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அப்படிப் பெறுகிற தூய ஆவியே நற்செயலுக்கு நம்மைத் தயாராக்குகிறார் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆசிரியர் ஐயாவுக்கு இது தெரிந்திருக்கும்.

ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரத்தில் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஒருவர் டாக்டர், இருவருமே குடியிலிருந்து மீண்டவர்கள். பன்னிரண்டு படிகளில் முதல் மூன்றும் சரணடைவது. என் பலம் போதாது, எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஒப்படைக்கிறேன் என்பது. அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் நான்காவது படியில் பேனாவைக் கையில் கொடுப்பார்கள், உன் வாழ்க்கையை ஒளிக்காமல் கணக்கெழுது என்று. எட்டாவதில் நீ யாருக்கெல்லாம் தீங்கு செய்தாயோ அந்தப் பட்டியல், ஒன்பதாவதில் நேரில் போய் ஈடுசெய்வது. எனக்கு ஜெபமாலை சொல்வதைவிட அரியாங்குப்பத்தில் ஒரு மளிகைக் கடை வாசலில் ஏறி நின்று, “அண்ணாச்சி, பழைய பாக்கி” என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் பழைய நோட்டைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, என் பெயருக்கு நேரே கோடு போட்டார். அதற்குப் போக எனக்குத் தைரியம் கொடுக்கச் சொல்லி வழியெல்லாம் மாதாவைக் கேட்டுக்கொண்டே போனேன். இதில் எது பக்தி, எது முயற்சி என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மாத்திரை பற்றி ஏ.ஏ.வில் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது, அது எங்கள் நடைமுறை. அண்ணனின் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். பட்டறையில் தனியாக நிற்க விடாதீர்கள். சாத்தும் நேரத்துக்கு அண்ணியோ பிள்ளையோ அங்கே போகட்டும், ஏதாவது சாப்பிட எடுத்துப் போங்கள், பசியும் களைப்பும் சேர்ந்தால் ஆசை இரண்டு மடங்காகும். வண்டியை டெஸ்ட் ஓட்டுவது என்றாலும் பாலத்துப் பக்கம் வேண்டாம், முதுநகர் பக்கம் ஓட்டட்டும். பெரிய வேலை முடித்துக் கையில் மொத்தமாகப் பணம் வரும் நாள் ரொம்ப முக்கியம், அதை அன்றைக்கே வீட்டில் கொடுத்துவிடட்டும். மத்தேயு 12இல் ஆண்டவர் சொன்ன வீடு ஞாபகம் இருக்கிறதா? அசுத்த ஆவி போன பிறகு பெருக்கி அலங்கரித்து வெறுமையாக வைத்திருந்த வீட்டுக்குள் அது ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததே, அதற்குத்தான் சொல்கிறேன், அந்த ஆறு மணியை வெறுமையாக விடாதீர்கள்.

செவிலி_பாண்டி:

அந்தோணி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பையில் மாத்திரை கிடைத்தது என்று அண்ணனைக் குற்றவாளி மாதிரி நிறுத்திக் கேட்காதீர்கள். மருத்துவமனைக்குக் கூடவே போய், டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

முதுநகர்_தங்கை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீட்டைப் பார்த்தோம் அக்கா, நீங்கள் சொன்ன அதே மருந்துதான். இரண்டு வாரக் கணக்கு அண்ணிக்கே தெரியாது, பயந்துவிட்டாள். கொரிந்தியர் வசனத்தை அண்ணனிடம் வாசித்தேன், திரும்ப வாசி என்றார், அப்புறம் வேதாகமத்தைக் கையில் வாங்கி அவரே வாசித்தார். திங்கட்கிழமை டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டார், போதகரிடம் அண்ணி பேசுகிறாள்.

அந்தோணி அண்ணா, ஏ.ஏ. கூட்டத்துக்கு அண்ணன் வரலாமா என்று கேட்கச் சொன்னார். சாயங்காலக் கூட்டமாக இருந்தால் நல்லது. கட்டணம் ஏதும் உண்டா, கூட வருகிற வீட்டார் எங்கே உட்கார்வது?

வில்லியனூர்_அந்தோணி:

கட்டணம் கிடையாது, உண்டியல் சுற்றிவரும், விருப்பமிருந்தால் போடலாம். வீட்டாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, அண்ணியும் நீங்களும் கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டுச் சொல்கிறேன். தனி மெசேஜில் இடமும் நேரமும் அனுப்புகிறேன். முதல் நாள் கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கட்டும், பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன், தனியாக வண்டியில் பாலம் தாண்ட வேண்டாம்.