100 மீட்டர் ஜீரோவுக்கு எந்த பேப்பர் டார்கெட் நல்லா இருக்கும்?

அண்ணன்மாரே, வேலூர்ல இருந்து எழுதுறேன். கிளப் ரேஞ்ச்ல .22 ரைஃபிள்ல ஸ்கோப் போட்டு சுடுறேன், 50 மீட்டர்ல ஜீரோ (குறி வச்ச இடத்துலயே குண்டு விழுற மாதிரி ஸ்கோப்ப செட் பண்றது) ஆயிடுச்சு, இப்போ 100 மீட்டருக்கு செட் பண்ணனும், அங்கதான் தலைவலியே. நான் வச்சிருக்கிறது அந்த வழக்கமான 50 மீட்டர் கருப்பு வட்ட டார்கெட், ஸ்கோப்புல கிராஸ்ஹேரும் (குறி பாக்குற குறுக்குக் கோடு) கருப்பு, ரெண்டும் ஒண்ணா கலந்து நடு எங்கன்னே தெரியல. கருப்புல விழுந்த ஓட்டையும் 9 எக்ஸ்ல (ஒன்பது மடங்கு பெருசாக்கியும்) கண்ணுக்கு சிக்க மாட்டேங்குது, ஒவ்வொரு அஞ்சு ஷாட்டுக்கும் ரேஞ்ச் க்ளியர் ஆகுறவரைக்கும் காத்திருந்து நடந்து போய் பாக்க வேண்டியதா இருக்கு, அதுவும் நம்ம ஊரு வெயில்ல.

சரி நாமளே கட்டம் போட்டு அடிப்போம்னு ஜெராக்ஸ் கடைக்கு போனேன். என் ஸ்கோப் திருகை ஒரு க்ளிக் திருப்புனா குறி கால் எம்ஓஏ (எம்ஓஏ-னா ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு) நகரும், 100 மீட்டர்ல ஒரு க்ளிக்குக்கு ஏழு மில்லிமீட்டர் சொச்சம், அதனால 29 மில்லிமீட்டர் கட்டம் போட்டா கட்டத்துக்கு நாலு க்ளிக், எண்ணிட்டு திருப்பிடலாம். கடைக்கார தம்பி 'ஃபிட் டு பேஜ்' போட்டு அடிச்சிட்டான், ஸ்கேல் வச்சு பாத்தா 27 தான் இருக்கு! நல்லவேளை அளந்தேன். வேலூர் காகிதப்பட்டறை ஏரியால குடியிருந்துட்டு ஒரு காகிதத்துக்கு இப்படி அலையுறேன் பாருங்க.

நடுவுல வெள்ளை விட்ட டைமண்ட் வடிவ டார்கெட் நல்லதா, இல்ல ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டுனா போதுமா? பதினோரு மணிக்கு மேல கானல் ஆடுறப்போ எது தெளிவா தெரியும்? எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பேப்பர்னா ஓட்டை கிழியாம வட்டமா விழும்? சுட்டுப் பாத்தவங்க சொல்லுங்கண்ணா.