காட்டுத்தீ, வாழிடப் பாதுகாப்பு மசோதா: எந்தப் பிரிவுகளைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

அமெரிக்காவில் வாழிடப் பாதுகாப்பையும் காட்டுத்தீத் தடுப்பையும் ஒரே மசோதாவில் சேர்த்திருக்கிறார்கள். "ஆண்டுக்கு இத்தனை ஏக்கரில் புதரும் சிறு மரங்களும் அகற்றப்படும்" என்பதுதான் மைய விதி. இதில் காட்டுயிர்களுக்கு இடம் மிஞ்சுமா? கருத்து அனுப்புவதற்கு முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1

அந்த ஏக்கர் இலக்கையே முதலில் கேள்வி கேளுங்கள். கணக்குக் காட்டுவதற்காகச் சுலபமான சமதளத்தில் வெட்டுவார்கள். ஊரை ஒட்டிய செங்குத்துச் சரிவு அப்படியே கிடக்கும்.

அடுத்து, காட்டின் வகை பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாண்டரோசா பைன் போன்ற வறண்ட ஊசியிலைக் காடுகள் அடிக்கடி வரும் தரைத்தீக்குப் பழகியவை. பல பத்தாண்டுகளாகத் தீயை அணைத்தே வந்ததால் சிறு மரங்கள் நெருங்கி, தீ உச்சிக்கு ஏற வழி கிடைத்துவிட்டது. அங்கே சிறு மரங்களை வெட்டிக் கழித்து நெருக்கத்தைக் குறைப்பது நல்லது. தெற்குக் கலிஃபோர்னியாவின் சாப்பரல் புதர்க்காட்டில் அதே வேலை கெடுதல். அங்குள்ள சியனோத்தஸ் என்ற புதர்ச்செடியின் இனங்கள் பல, விதையிலிருந்து மட்டுமே மீள்பவை. மண்ணில் போதிய விதை சேரும் முன் மறுபடி வெட்டினாலோ எரிந்தாலோ அந்நியப் புல் பிடித்துக்கொள்ளும். புல் சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும். தீயைத் தடுக்கப் போட்ட சட்டமே தீயைக் கூட்டிவிடும்.

மறுமொழி 2

வெட்டிய கழிவு என்ன ஆகும் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? கிளையும் தழையும் தரையில் காய்ந்து கிடந்தால் கழித்த காடு முன்பைவிட மூர்க்கமாக எரியும். கழித்தபின் திட்டமிட்ட எரிப்பு (கட்டுப்பாட்டோடு நாமே தீவைத்துக் கழிவை எரிப்பது), சில ஆண்டுகள் கழித்து மறுபடி பராமரிப்பு, இரண்டுக்கும் நிதி ஒதுக்கியிருக்க வேண்டும்.

மரத்தை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்ற பிரிவு ஆபத்தானது. விலை போவது தடித்த பட்டையுள்ள பெரிய மரம். தீயைத் தாங்குவதும் அதுதான். வெட்டக்கூடிய மரத்தின் விட்டத்துக்கு உச்சவரம்பு கேளுங்கள். மரங்கொத்தியும் ஆந்தையும் தங்கும் பட்ட மரங்களை விட்டுவைக்கவும், கூடுகட்டும் பருவத்தில் வேலையை நிறுத்தவும் விதி வேண்டும்.

திட்டமிட்ட எரிப்பு கைமீறிப் பரவினால் இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு என்பதையும் மறக்காதீர்கள். பயந்துகொண்டு யாரும் தீவைக்க முன்வராவிட்டால் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். ஃபுளோரிடா 1990-லேயே இதற்குத் தனிச்சட்டம் போட்டது. கலிஃபோர்னியாவில் 2021-இல் நிறைவேறிய செனட் மசோதா 332-இன்படி, நிபந்தனைகளைப் பின்பற்றி எரித்தவரிடம் அணைப்புச் செலவை வசூலிக்க, மிக மோசமான அலட்சியம் இருந்திருக்க வேண்டும். சாதாரணக் கவனக்குறைவு போதாது.

கேட்டவர்

தெளிவாகிவிட்டது, நன்றி. வீடுகளைப் பற்றி வரைவில் ஒன்றுமே இல்லை. அது வேறு சட்டத்தின் வேலையா?

மறுமொழி 3

இல்லை, இதிலேயே வர வேண்டும். பல வீடுகள் பற்றுவது காற்றில் பறந்து வரும் கங்குகளால். கூரைக்கடியிலுள்ள காற்றுத்துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை, சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இல்லாமை, 100 அடி வரை செடிகளுக்கிடையே இடைவெளி, இவை விதியில் வேண்டும். அதற்கு அப்பால் மொட்டையடிப்பதால் வீட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு சொற்பம், வாழிடத்துக்கோ இழப்பு பெரிது. பழைய வீடுகளைச் சீரமைக்க மானியம் கேட்டு எழுதுங்கள். புது வீட்டுக்கு மட்டும் விதி போட்டால் ஏற்கெனவே நிற்கும் வீடுகள் வெளியே நின்றுவிடும்.