புதுப்பிப்பு: சைக்கிள் துடைக்க மனசு வராதவன்

சிங்கப்பூரின் கடற்கரைப் பூங்காவான ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓட்டிவிட்டு வந்தால் சைக்கிளைத் துடைக்க மனசே வருவதில்லை, செயின் துருப்பிடிக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா? "வீட்டுக்கு உள்ளே போகுமுன் 5 நிமிஷம் துடைத்துவிடு" என்று ஒருவர் சொன்னது பலித்தது.

பழைய பனியனும் செயின் எண்ணெயும் இப்போது வாசல் செருப்பு அலமாரியில். வீட்டுக்குள் தேடப் போனால் சோபா இழுத்துவிடும். செயினைத் துணியால் பிடித்து பெடலைப் பின்னால் சுற்றினால் கரி மாதிரி வருகிறது. பிறகு செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் மணல் ஒட்டும் (முதல் வாரம் பட்டேன்).

இரண்டு தடவை ஏமாற்றினேன், மழை நாள். உப்புக்காற்று வேறு, மறுநாளே ஆரஞ்சுப் பொடி.

கீச் சத்தம் போய்விட்டது. "புது சைக்கிளாப்பா?" என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி.