பிள்ளைகள் கேட்டிராத மாயக் கதைகள் தேவை (2-ஆம் வகுப்பு, தமிழ் வாசிப்பு)

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எண்ணும் எழுத்தும் (தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்பில் அரும்பு, மொட்டு எனும் தொடக்க நிலைகளில் உள்ள பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

பாட்டி வடை சுட்ட கதையை 8 வரியாக்கி, அட்டைக் கீற்றுகளில் எழுதி, கலைத்துக் கொடுத்து வாசித்து அடுக்கச் சொல்கிறோம். சிக்கல், கதை எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். விரல் ஒரு சொல்லில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போய்விடும். கேட்பவருக்குச் சரளமான வாசிப்பாகவே தோன்றும். ஒரு கீற்றில் ‘நரி’க்குப் பதில் ‘நாரை’ என்று எழுதிவைத்தால் குட்டு உடைகிறது. பலரும் ‘நரி’ என்றே படிக்கிறார்கள். படம் பக்கத்திலேயே இருந்தாலும் இதே கதைதான்.

எனவே தேவதை, பூதம், மந்திரக்கோல் என்று எதுவானாலும் சரி, அதிகம் புழங்காத கதைகள் வேண்டும். 60 முதல் 80 சொல். ஒரே வரி நாலு முறையாவது திரும்ப வரவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மட்டும் மாறவேண்டும். அந்தச் சொல்லை ஊகிக்க முடியாது, எழுத்துக் கூட்டித்தான் ஆகவேண்டும். பெட்டி, பேட்டி போல ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கலந்து வந்தால் இன்னும் நல்லது, அங்கேதான் அதிகம் தடுக்குகிறது. நீதி வரி வேண்டவே வேண்டாம்.

பிடிஎஃப் ஆக அல்லாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள், சொல் மாற்ற வசதி. இந்த மாற்றுச்சொல் உத்தியை வாரத்துக்கு எத்தனை முறை வைக்கிறீர்கள்? அடிக்கடி வைத்தால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் பிழை தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.