சிங்கப்பூர் சைட் வேலைக்குப் புதுசா வந்த தம்பிகளுக்கு: கொஞ்சம் உடம்பு விஷயம்

ஓ.டி. எவ்வளவு, டார்மில் (தொழிலாளர் விடுதி) சமைக்கலாமா, தேக்காவில் (லிட்டில் இந்தியா) எங்கே பணம் அனுப்பினால் ரேட் நல்லா இருக்கும்னு எல்லாம் கேட்கிறீங்க. காதை எப்படிக் காப்பாத்தறதுன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் 2012-ல வந்தப்ப கேட்கலை.

நாலு வருஷம் கான்கிரீட் உடைக்கிற ஹேக்கிங் மெஷின் பிடிச்சேன். இயர் பிளக் சட்டைப் பையிலேயே கிடக்கும், சேஃப்டி ஆள் வந்தால் மட்டும் காதுக்குப் போகும். ராத்திரி படுத்தால் 'ங்ங்'னு ஒரு சத்தம். சளின்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சேன். போன்ல வீட்டுக்காரி பேசினால் ச, ஸ எழுத்தெல்லாம் விழுந்துபோய் வார்த்தை பாதிதான் வரும், லைன் சரியில்லைன்னு அவளையே திட்டுவேன். லைன் நல்லாத்தான் இருந்திருக்கு. இரைச்சலில் போற காது, கூர்மையான சத்தங்களைத்தான் முதல்ல இழக்கும். போனது திரும்பாது. மருந்து கிடையாது.

மேலே இருந்து விழுந்தால், கையில கம்பி குத்தினால் சைட்டே கூடிடும். இந்த மாதிரி மெதுவா வர்றதுக்கு ரத்தம் வராது, அதனால நாமளே அதை இன்ஜூரின்னு எண்றதில்லை. ஆனா இங்கே விகான்னு சொல்ற வேலைக்காய நஷ்டஈட்டுச் சட்டத்தில், வேலையினால் காது போனாலும் சிலிக்கா தூசியில் நுரையீரல் கெட்டாலும் விபத்து மாதிரியே காம்பென்சேஷன் கேட்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருக்கிற நமக்கும் அது உண்டு.

முதல்ல வெயில். "புதுக்கோட்டை வெயிலைப் பார்த்தவன்ணே, இது என்ன வெயில்"னு வர்ற ஒவ்வொருத்தனும் சொல்வான். ஊர்ல வேர்வை காயும், காயும்போது உடம்பு குளிரும். இங்கே காத்துல ஈரம் அதிகம், வேர்வை அப்படியே வழியுமே தவிரக் காயாது, சூடு உள்ளேயே நிக்கும். அதனாலதான் சைட்டில் டபிள்யூ.பி.ஜி.டி.ன்னு ஒரு கணக்கு பார்ப்பாங்க. வெப்பம், ஈரம், வெயில், காத்து எல்லாம் சேர்ந்த எண் அது. போன்ல காட்டுற 32 டிகிரியும் அந்த 32-ம் ஒண்ணு இல்லை, அது ரொம்பக் கடுமை. 2023 அக்டோபரிலிருந்து எம்.ஓ.எம். (மனிதவள அமைச்சு) விதி: வெளி வேலைன்னா மணிக்கு ஒரு தடவை அளக்கணும். 32 தொட்டால் கனமான வேலை செய்றவங்களுக்கு மணிக்குக் குறைஞ்சது 10 நிமிஷம் நிழலில் ஓய்வு, 33 தொட்டால் 15 நிமிஷம். புதுசா வந்தவனுக்குக் குறைஞ்சது ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் கூட்டணும். அரசோட மை ஈ.என்.வி. ஆப்பில் நீங்களே அந்த எண்ணைப் பார்க்கலாம்.

முதல் வாரமே சூப்பர்வைசர்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னு ஓடாதீங்க, தம்பி. தண்ணி தாகம் எடுத்த பிறகு இல்லை, மணிக்கு ஒரு தடவை. மூத்திரம் டீ நிறத்தில் போனால் ஏற்கெனவே லேட். கூட நிக்கிறவன் உளற ஆரம்பிச்சால் உட்கார வச்சுப் பேசிட்டிருக்காதீங்க: நிழலுக்குத் தூக்குங்க, தண்ணி ஊத்துங்க, விசிறுங்க, ஆம்புலன்ஸுக்கு 995 அடிங்க. அப்புறம் அந்தக் கேட்டரிங் சாப்பாடு. விடியக்காலையில் கட்டினதை மத்தியானம் வெயில்ல திறக்கிறோம், நாறினால் கொட்டிடுங்க. எனக்கு அதுல இருக்கிற கோபத்தை எழுதினால் இன்னொரு பதிவு ஆகும்.

காதுக்கு ஒரு சோதனை: ஒரு கை தூரத்தில் நிக்கிறவன்கிட்ட கத்தித்தான் பேசணும்னா அந்த இடம் ஆபத்து. ஸ்பாஞ்ச் பிளக்கைச் சும்மா திணிக்கிறதால் பிரயோஜனம் இல்லை. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால கொண்டுவந்து காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, ஊதி நிறையுற வரை பிடிச்சிருக்கணும். அழுக்குக் கையால உருட்டாதீங்க.

தூசிக்கு அந்த நீல சர்ஜிக்கல் மாஸ்க் ஒண்ணும் செய்யாது. கான்கிரீட், டைல்ஸ் வெட்டும்போது தண்ணி விட்டு வெட்டுங்க, என்95 போடுங்க. தாடி இருந்தால் ஓரத்துல தூசி உள்ளே வரும். ஈர சிமெண்ட் கிளவுஸுக்குள்ள போனால் அப்பவே கழட்டிக் கழுவுங்க, சாயந்தரம் பார்த்துக்கலாம்னு விட்டால் தோல் வெந்துடும்.

இதையெல்லாம் விட நான் சொல்ல வந்தது ஒண்ணு இருக்கு. டாக்டர்கிட்ட உட்கார்ந்ததும், "இது வேலையில வந்தது, இந்த மெஷின்ல, இத்தனை மாசமா"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. பயத்துல "ரூம்ல வழுக்கிட்டேன்"னு சொன்ன ஒருத்தன் என் ரூம்லயே இருந்தான். கம்பெனி ஆள் கூடவே வந்து நின்னான், இவன் அப்படிச் சொல்லிட்டான். ஆறு மாசம் கழிச்சு முதுகு நிமிராதப்போ டாக்டர் அந்தப் பேப்பர்ல எழுதினதுதான் அவனுக்கு எதிரா சாட்சியா நின்னுச்சு. இங்கிலீஷ் வரலைன்னா தமிழ்ல சொல்றேன்னு கேளுங்க, இந்த ஊர்ல தமிழும் அரசு மொழி.

2020 செப்டம்பரிலிருந்து, வேலையில வந்த அடிக்கு ஒரு நாள் எம்.சி. (டாக்டர் தர்ற லீவுச் சீட்டு) கொடுத்தாலும், லைட் டூட்டி கொடுத்தாலும் முதலாளி எம்.ஓ.எம்.முக்கு ரிப்போர்ட் பண்ணியாகணும். வேலைக்காயம்னா கம்பெனியில சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தாலும் எம்.சி. சம்பளம் உண்டு: முதல் 14 நாள் முழுசு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் 60 நாள் வரை முழுசு, அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, ஒரு வருஷம் வரை. கிளெய்ம் போட ஒரு வருஷம்தான் கெடு.

தஞ்சாவூர் தம்பி கமென்ட்ல கேட்டதுக்கு: "கேட்டால் பெர்மிட்டை கட் பண்ணிட்டா, ஏஜென்ட் கடன் என்னாகும்?" பண்ணலாம், பொய் சொல்ல மாட்டேன், பண்ணின கம்பெனியைப் பார்த்திருக்கேன். ஆனா கிளெய்ம் ஓடிட்டிருந்தால் எம்.ஓ.எம். ஸ்பெஷல் பாஸ் கொடுத்து இங்கேயே இருக்க விடும். தங்க இடமும் சாப்பாடும் அந்த முதலாளி பொறுப்பு. அந்த மாசங்கள் கஷ்டம்தான், வேலை இல்லாமல் உட்காரணும், வீட்டுல பணம் எங்கேன்னு கேட்பாங்க. நம்ம மாதிரி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுற மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டர் 6536 2692, 24 மணி நேரமும் எடுப்பாங்க. பிளேன் ஏத்த வந்த பிறகு அடிக்காதீங்க, பேச்சு வாசனை அடிச்சதுமே அடிங்க.

எம்.சி., சம்பளச் சீட்டு, டைம் கார்டு எல்லாத்தையும் அன்னன்னிக்கே போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க. காம்பென்சேஷன் கணக்குல ஓ.டி.யும் சேரும், அதுக்கு டைம் கார்டுதான் ஆதாரம். போன் தொலைஞ்சாலும் வீட்டுக்காரி போன்ல இருக்கும்.